ஆள் பார்த்து விலை சொல்கிறதா ஆப்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கோபிசெட்டிபாளையத்தில் உங்கள் வீட்டில், ஒரே வைஃபையில், நீங்களும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த உங்கள் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஆப்பில் ஒரே இரண்டு லிட்டர் கிரைண்டரைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் ஐபோனில் 4,899 ரூபாய். அவருடைய ஆண்ட்ராய்டில் 4,549. "ஐபோன் வைத்திருந்தால் விலையை ஏற்றிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: "இவன் எவ்வளவு சொன்னாலும் கொடுப்பான் என்று என்னைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களா?" இரண்டும் வேறு வேறு கேள்விகள், பதிலும் வேறு வேறு. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருப்பூரில் 11 வருடமாக ஆன்லைன் விற்பனைக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன். பனியன் கம்பெனிகளில் ஆரம்பித்து, சென்னிமலை பெட்ஷீட், கரூர் மேசைவிரிப்பு என்று போய், கோயமுத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனிக்கும் இரண்டு வருடம் கணக்குப் பார்த்தேன். லிஸ்டிங் (தளத்தில் பொருளுக்கான விற்பனைப் பக்கம்) போடுவது, விலை மாற்றுவது, கூப்பன் ஓட்டுவது, திரும்பி வந்த பார்சலைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. விற்கிறவன் பக்கத்துத் திரை எனக்கு அத்துப்படி. பெரிய தளங்களின் உள்ளே ஓடுகிற நிரலை நான் பார்த்ததில்லை. ஆகவே நான் கையால் செய்ததை உறுதியாகச் சொல்வேன். மற்றதில் வெளியில் நிரூபணமானது எது, வெறும் பேச்சு எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் 350 ரூபாய் வித்தியாசத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது முகவரியை. போன் அப்புறம்தான். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், ஆப் கணக்கில் எடுத்துக்கொள்வது சேமித்து வைத்த டெலிவரி முகவரியின் பின்கோடு. உங்களுடையது 638452. கோயமுத்தூரில் வேலை பார்க்கிற மச்சானுடையது 641-இல் தொடங்கும் ஏதோ ஒன்றாக இருக்கும். கிரைண்டர் மாதிரி கனமான சாமானில் இது பெரிய விஷயம். கல்லும் டிரம்மும் மோட்டாருமாகப் பத்துக் கிலோவுக்குப் பக்கம் வரும். பார்சல் அனுப்புகிற செலவை உள்ளூர், மண்டலம், நாடு முழுக்க என்று தட்டுத் தட்டாகப் பிரித்து விற்பனையாளர் தலையில் கட்டுவார்கள். அதிலும் எடைக்கு இரண்டு கணக்கு உண்டு. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது ஒன்று, தராசில் வருவது ஒன்று. எது அதிகமோ அதற்குத்தான் காசு. கிரைண்டர் கம்பெனிக்கு நான் பார்த்த முதல் வேலையே தெர்மாகோலை இளைக்க வைத்து அட்டைப்பெட்டியை மூன்று சென்டிமீட்டர் குறுக்கியதுதான். அந்த மூன்று சென்டிமீட்டரால் ஒரு பெட்டிக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்த முதலாளி, அன்றைக்கு எனக்கு அன்னபூர்ணாவில் சாம்பார் வடை வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்று, ஒரே படம், ஒரே பெயர், ஒரே பக்கமாகத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஐந்தாறு விற்பனையாளர்கள் இருப்பார்கள். 'இப்போதே வாங்கு' பொத்தான் அவர்களில் ஒருவருக்குத்தான் போகும். விலை, எத்தனை நாளில் வந்து சேரும், சரக்கு கையில் இருக்கிறதா, பழைய புகார்கள் என்று பலதையும் பார்த்துத் தளம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. கோயமுத்தூர்ப் பின்கோடுக்கு, பக்கத்துக் குடோனில் சரக்கு வைத்திருக்கிறவர் ஜெயிப்பார். கோபிக்கு பெங்களூரு குடோன்காரர் ஜெயிக்கலாம். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனாலும் அது கர்நாடகம் போய்ச் சுற்றிவிட்டு கோபிக்கு வரும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் வேடிக்கை. ஆக, உங்கள் திரையில் இருந்தது ஒரு கடைக்காரரின் விலை, மச்சான் திரையில் இருந்தது இன்னொரு கடைக்காரரின் விலை என்று இருக்க நிறைய வாய்ப்பு. விலைக்குக் கீழே பொடி எழுத்தில் விற்பனையாளர் பெயர் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

நேரமும் ஒரு காரணம். விலையைக் கையால் மாற்றின காலம் போய்விட்டது. போட்டிக்காரர் விலையைப் பார்த்துத் தானாக ஏற்றி இறக்கும் மென்பொருளை நானே பல கணக்குகளில் ஓட விட்டிருக்கிறேன். "பக்கத்துக்காரனை விட ஒரு ரூபாய் கம்மி, ஆனால் இந்த அடிமட்டத்துக்குக் கீழே போகாதே" என்று ஒரு வரி சொல்லி வைத்துவிட்டால், ராத்திரி நாம் தூங்கும்போதும் அது சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இதில் 2011-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்து எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பது. ஈயின் வளர்ச்சியைப் பற்றிய ஓர் உயிரியல் புத்தகத்தை இரண்டு பேர் அமேசானில் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். ஒருவருடைய மென்பொருள் மற்றவர் விலையில் 0.9983 மடங்கு வைத்தது. மற்றவருடையது இவர் விலையில் 1.27 மடங்கு வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஏறி ஏறி, கடைசியில் அந்தப் புத்தகம் 2 கோடியே 36 லட்சம் டாலருக்கு மேல் போய் நின்றது. இரண்டு பக்கமும் மனிதர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் கிரைண்டர் அப்படிப் பறக்காது. ஆனால் நீங்கள் பார்த்ததற்கும் மச்சான் போனை எடுத்துப் பார்த்ததற்கும் நடுவில் ஒரு டீ குடித்திருந்தீர்கள் என்றால், அந்த இடைவெளி போதும்.

அப்புறம் வங்கிச் சலுகை. சில ஆப்களில் பெரிய எழுத்தில் காட்டுவதே எல்லாச் சலுகையும் போன விலை. மச்சான் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டைச் சேமித்து வைத்திருந்தால் அவருக்குக் குறைந்த எண் தெரியும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நெருக்கமானது. நம் ஊரில் ஆள் பார்த்து விலையை ஏற்றுவது கஷ்டம், ஆள் பார்த்து இறக்குவது சுலபம். பாக்கெட் சாமானுக்கு எம்ஆர்பி என்று ஒரு கூரை இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது. அந்நிய முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் (பல விற்பனையாளர்கள் கடை விரிக்கிற ஆப்கள்) விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக்கூடாது என்று மத்திய அரசின் 2018 டிசம்பர் அறிவிப்பு சொல்கிறது. ஆகவே விலைப்பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், தள்ளுபடி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எம்ஆர்பியை உயரத்தில் அச்சடித்துக்கொள்ள வேண்டியது, அங்கிருந்து யாருக்கு எவ்வளவு இறங்கி வரலாம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. கிரைண்டர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 7,000-க்குக் குறைவாக எம்ஆர்பி இருந்தால் எனக்கு ஆச்சரியம்.

எங்கள் பக்கத் திரை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாங்குகிறவர் எந்தப் போன் வைத்திருக்கிறார், சம்பளம் என்ன என்றெல்லாம் விற்பனையாளருக்குத் தெரியாது. ஆர்டர் விழுந்த பிறகுதான் பெயரும் ஊரும் தெரியும். ஆனால் கூப்பன் போடும் இடத்தில் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் ஒரு கூட்டம். முதல் தடவை வருகிறவர்கள் ஒரு கூட்டம். முன்பு வாங்கிவிட்டு ரொம்ப நாளாக எட்டிப் பார்க்காதவர்கள் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக 10 சதவீதம், 15 சதவீதம் என்று வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன். உங்கள் மச்சான் போன வாரம் அந்தக் கிரைண்டரைக் கூடையில் போட்டு, அக்காவிடம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று விட்டிருந்தால், இந்த வாரம் அவருக்குக் கூப்பன் வந்திருக்கும். நேராகப் போய் வாங்க நினைத்த உங்களுக்கு வந்திருக்காது.

இது எனக்கே உறுத்துகிற இடம். நம் ஊர் மளிகைக் கடையில் பழகின ஆளுக்குத்தான் விலை குறையும். "நம்ம கவுண்டர் வூட்டுக்குத்தானுங்க, பத்து ரூவா கம்மியாப் போட்டுக்கங்க" என்று கடைக்காரர் தானாகவே சொல்வார். ஆப்பில் அது தலைகீழ். புது ஆளுக்கும் ஓடிப்போகிற ஆளுக்கும் தள்ளுபடி, பத்து வருடமாகக் கேள்வி கேட்காமல் வாங்குகிறவருக்கு முழு விலை. பழைய வாடிக்கையாளர் எப்படியும் வாங்கிவிடுவார், அவருக்கு எதற்குக் கூப்பன் என்பது எங்கள் கணக்கு. பிரிட்டனில் காப்பீட்டுக் கம்பெனிகள் இதே வேலையைப் பல வருடம் செய்தன. விட்டுப் போகாமல் புதுப்பிக்கிறவர்களுக்கு ஆண்டுக்காண்டு பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். வீட்டுக்கும் காருக்கும் இனி அப்படிச் செய்யக்கூடாது, புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் விலையை விடப் பழையவருக்கு அதிகம் கேட்கக்கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் அங்கே தடை போட்டுவிட்டார்கள்.

ஆளைப் பார்த்து நேரடியாக விலை மாற்றியது எங்காவது பிடிபட்டிருக்கிறதா என்றால், பிடிபட்டிருக்கிறது. பழைய கதை 2000 செப்டம்பரில் நடந்தது. அமேசானில் ஒரு டிவிடியின் விலை சிலருக்கு ஒன்றாகவும் சிலருக்கு வேறாகவும் இருப்பதை வாங்குகிறவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தன் கணினியிலிருந்த குக்கீயை (வந்த ஆளை அடையாளம் காணத் தளம் போட்டு வைக்கும் சின்னக் கோப்பு) அழித்தார், 26 டாலருக்கு மேல் இருந்த விலை 22 டாலர் சொச்சமாக இறங்கியது. சத்தம் பெரிதானதும் அமேசான், அது குத்துமதிப்பாக ஆட்களைப் பிரித்துப் பார்த்த விலைச் சோதனைதான், வாடிக்கையாளர் யார் என்பதை வைத்துச் செய்ததில்லை என்று சொன்னது. 6,896 பேருக்குச் சராசரியாக 3 டாலர் 10 சென்ட் திருப்பிக் கொடுத்தது.

2012-இல் வெளிவந்த விஷயம் நம் கிரைண்டருக்கு இன்னும் பக்கம். ஸ்டேப்பிள்ஸ் என்ற எழுதுபொருள் கம்பெனியின் இணையதளத்தில் ஒரே ஸ்டேப்ளர் ஓர் ஊர்க்காரருக்கு 15.79 டாலர், வேறோர் ஊர்க்காரருக்கு 14.29. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தோண்டிப் பார்த்ததில், போட்டிக் கடை 20 மைலுக்குள் இருக்கிற ஊர்களுக்கு விலை குறைவாக இருந்தது. போட்டி இல்லாத ஊருக்கு அதிகம். அதன் விளைவாக வசதி குறைந்த பகுதிகளில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுத்தார்கள். 'ஏழைக்கு ஏற்று' என்று யாரும் நிரல் எழுதவில்லை. தூரத்தைப் பார்த்து எழுதினார்கள், போய் விழுந்தது ஏழை தலையில். என்னைக் கேட்டால், போனைப் பற்றிய பேச்சை விட இதற்குத்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். கோயமுத்தூர் காந்திபுரத்தில் நான்கு கடைக்கு ஒரு கிரைண்டர் கடை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் எத்தனை கடை?

அதே 2012-இல் ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளத்தின் கதையும் வந்தது. இதைத்தான் எல்லோரும் 'ஆப்பிள்காரனுக்கு அதிக விலை' என்று மாற்றிச் சொல்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஓட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 30 சதவீதம் வரை அதிகம் செலவழிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களைப் பட்டியலின் மேலே காட்டினார்கள். ஒரே அறையின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஜவுளிக்கடையில் உள்ளே வருகிறவரின் தோரணையைப் பார்த்து, "மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்று சொல்வது மாதிரி. விலைச்சீட்டு மாறாது, எடுத்துப் போடுகிற சேலை மாறும். இன்றைக்கு ஆப்களில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இந்த வகைதான் என்பது என் அனுபவம். நீங்கள் 'கிரைண்டர்' என்று தேடினால் உங்களுக்கு முதலில் வருவதும் உங்கள் மச்சானுக்கு முதலில் வருவதும் ஒன்றாக இருக்காது. 2014-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 பெரிய தளங்களைச் சோதித்ததில் 9-இல் விலை மாற்றமோ இப்படி வரிசை மாற்றமோ இருப்பதைக் கண்டார்கள்.

சரி, ஐபோன் விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் இது பெரிதாக வெடித்தது டாக்சி ஆப்களில். ஒரே சவாரிக்கு ஐபோனில் ஒரு கட்டணம், ஆண்ட்ராய்டில் ஒரு கட்டணம் என்று படங்கள் பரவ, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. போனைப் பார்த்து விலை வைப்பதில்லை என்று இரண்டு கம்பெனிகளும் மறுத்தன. இதை நிரூபணமானது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்சி ஆப்பில் நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் மாறும், வண்டி நிற்கும் இடம் பத்தடி தள்ளினாலும் மாறும். இரண்டு போனை அருகருகே வைத்து எடுத்த படம் மட்டும் சாட்சியாகாது. பேட்டரி குறைந்தால் விலை ஏறும் என்கிற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. 2016-இல் ஊபரின் பொருளாதார ஆய்வுத் தலைவராக இருந்த கீத் சென், போனில் சார்ஜ் இறங்கியவர்கள் கூடுதல் கட்டணத்தைச் சட்டென்று ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொன்னார். விலை வைக்க அதைப் பயன்படுத்துவதில்லை என்றும் சேர்த்தே சொன்னார். முதல் பாதி உலகம் சுற்றியது, இரண்டாம் பாதி வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஐபோனில் விலை கூடுதல் என்பது சந்தேகமே இல்லாமல் உண்மையாக இருக்கிற இடம் ஒன்று இருக்கிறது: சந்தாக்கள். ஐபோன் ஆப்புக்குள்ளேயே பணம் கட்டினால் ஆப்பிள் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். அதனால் யூடியூப் பிரீமியம் மாதிரியான சந்தாக்களை ஐபோன் ஆப் வழியாகக் கட்டினால் ஒரு விலை, அதே சந்தாவை பிரவுசரில் போய்க் கட்டினால் குறைந்த விலை. ஆனால் அந்தக் கமிஷன் பாட்டு, படம், விளையாட்டு போன்றவற்றுக்குத்தான். கிரைண்டர், அரிசி, பெட்ஷீட் மாதிரி கையில் தொடுகிற சாமானுக்கு ஆப்பிள் எடுப்பதில்லை. ஆகவே உங்கள் 350 ரூபாயை அதன் மேல் போட முடியாது.

இனி என் சொந்தப் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்னிமலை பெட்ஷீட்காரருக்குச் சொந்த இணையக்கடை போட்டுக் கொடுத்திருந்தேன். சந்தைத் தளங்களில் முடியாததெல்லாம் சொந்தக் கடையில் முடியும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 649, மீதிப் பாதிக்கு 709 என்று காட்டி, எந்த விலைக்கு எத்தனை போகிறது என்று பார்க்கத் துணிந்தேன். சீட்டுக் குலுக்குகிற மாதிரிதான், ஆளைப் பார்க்கவில்லை. பத்தாவது நாள் காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்கள். "ஏனுங்க, தாராபுரத்துல எங்க அக்காளுக்கு 649-க்குக் குடுத்துப்போட்டு எனக்கு 709-ங்கறீங்க? நான் என்ன பாவம் பண்ணுனனுங்க?" கம்ப்யூட்டர் தானாகப் பிரிக்கிறதுங்க என்றேன். "கம்ப்யூட்டருக்கு எங்களத் தெரியுமுங்களா?" தெரியாதுங்க என்றேன். "அப்பத் தெரிஞ்சவங்களே விலை போடுங்க" என்று வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே சோதனையை நிறுத்தி, 709 கொடுத்த 40 சொச்சம் பேருக்கும் 60 ரூபாயைத் திருப்பி அனுப்பினோம். இதில் நான் மறைக்கக்கூடாத ஒன்று: 709-இலும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் விற்றிருந்தது. முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசியில் எல்லோருக்கும் 679 என்று வைத்தோம்.

அந்த அம்மா ஆன்லைனில் பேரம் பேசினவர்கள் இல்லை, ஆனால் சந்தையில் பேரம் பேசிப் பழகினவர்கள். சின்ன வயதில் அப்பாவுடன் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். காங்கேயம் காளைக்கு விலை பேசும்போது தரகர் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு விலைதான். செருப்பைப் பார்த்தே தரகர் ஒரு கணக்குப் போட்டுவிடுவார் என்று அப்பா சொல்வார். அதனால் சந்தைக்குப் போகும்போது அவர் நல்ல செருப்பைப் போட மாட்டார். ஆனால் அந்தத் துண்டுக்குள் அப்பாவின் கையும் இருந்தது. விரலைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடலாம், தரகர் பின்னாலேயே வருவார். ஆப்பில் கூடையில் போட்டுவிட்டு வெளியேறுவதுதான் விரலைத் தள்ளிவிடுவது. கூப்பன் வருவதுதான் தரகர் பின்னால் வருவது. நாம் என்ன செருப்பு போட்டிருக்கிறோம் என்று அது எதை வைத்துப் பார்க்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020, நியாயமில்லாத லாபத்துக்காக விலையில் தில்லுமுல்லு செய்யக்கூடாது, ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டக்கூடாது, தான்தோன்றியாக வகை பிரிக்கக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 'ஒரே வகை' என்பதில்தான் சிக்கல். புது வாடிக்கையாளரும் பழைய வாடிக்கையாளரும் ஒரே வகையா? கோபி பின்கோடும் கோயமுத்தூர் பின்கோடும் ஒரே வகையா? கம்பெனி வக்கீல் வேறு வேறு என்பார். பணம் கட்டப் போகிற கடைசி நேரத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சொருகுவது, இல்லாத அவசரத்தை உண்டாக்கி 'இன்னும் இரண்டே பாக்கி' என்று மிரட்டுவது போன்ற 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளும் வந்திருக்கின்றன. ஆனால் "இந்த விலை உங்கள் விவரங்களை வைத்துப் போடப்பட்டது" என்று பக்கத்தில் எழுதிக் காட்டு என்கிற கட்டாயம் அவற்றில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதலும், நியூயார்க் மாநிலத்தில் 2025 நவம்பர் முதலும் அந்தக் கட்டாயம் இருக்கிறது. இங்கேயும் அது வந்தால் போதும் என்பது என் எண்ணம். தடை வேண்டாம். ரயிலில் சதாப்தி, ராஜதானிக்கு 2016 முதல் ஒவ்வொரு 10 சதவீத இடமும் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறுகிறது. திட்டுகிறோம், ஆனால் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஏன் ஏறுகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள், பக்கத்து சீட்டுக்காரர் எந்தப் போன் வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கும் அதே கட்டணம்தான்.

உங்கள் கிரைண்டருக்கு இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு போனிலும் டெலிவரி பின்கோடை 638452 என்று மாற்றிவிட்டு, ஒரே நிமிடத்தில் பக்கத்தைத் திறங்கள். விற்பனையாளர் பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் 'மற்ற விற்பனையாளர்கள்' என்ற இடத்தில் மச்சானுக்குக் காட்டியவரைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். பெயரும் ஒன்றாக இருந்தால், பணம் கட்டும் முந்தின திரை வரைக்கும் போய் கூப்பன், கார்டு சலுகை, டெலிவரி எல்லாம் தனித்தனி வரியாக என்ன காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு கணக்கிலிருந்து வெளியே வந்து, பிரவுசரில் புது ஆளாக ஒரு தடவை பாருங்கள். இத்தனைக்கும் பிறகு எல்லா வரியும் ஒன்றாக இருந்து, விலை மட்டும் வேறாக இருந்தால், அப்போது நீங்கள் பார்த்திருப்பது நிஜமாகவே அபூர்வமான விஷயம். இரண்டு திரையையும் நேரம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

அவசரம் இல்லை என்றால் கிரைண்டரைக் கூடையில் போட்டுவிட்டு மூன்று நாள் ஆப் பக்கமே போகாதீர்கள். அதற்குள் கோபி கடைவீதியில் அதே மாடலுக்கு என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரித்துவிடுங்கள். கல் ஆடினாலும் பெல்ட் அறுந்தாலும் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை எந்த ஆப்பும் திரையில் காட்டாது. அந்த இரண்டு விற்பனையாளர் பெயரையும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நான் நினைத்த மாதிரி குடோன் விஷயம்தானா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.